செமிகண்டக்டர் இயந்திரப் பங்குகள் 40 விழுக்காடு சரியுமாம்: அந்தக் கணிப்பில் எது நிற்கும், எது நிற்காது?

புக்கிட்_பாத்தோக்_ரவி
எல்லோருக்கும் வணக்கம். சிப் செய்யும் இயந்திரங்களை விற்கும் நிறுவனங்களின் பங்குகள் 40 விழுக்காடு வரை சரியும் என்று ஒரு சந்தை விமர்சகர் பேசிய காணொளி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆளின் பெயர் வேண்டாம், வாதத்தை மட்டும் பார்ப்போம். அவர் சொல்வது இவ்வளவுதான்: சீனா வாங்கிக் குவித்தது முடிந்துவிட்டது, மெமரி ஆலைகள் அளவுக்கு மீறிக் கட்டப்படுகின்றன, புதிய ஆர்டர் எண்ணிக்கை இறங்குகிறது, பங்கு விலையோ லாபத்தைவிடப் பல படி மேலே நிற்கிறது. ஏஎஸ்எம்எல், லாம், அப்ளைட், கேஎல்ஏ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விற்கச் சொல்கிறார். நம்மூர் சிங்கப்பூரில் இந்தத் துறைக்குப் பொருள் தரும் யூஎம்எஸ், ஏஇஎம் பங்குகளை வைத்திருப்பவர்களும் கலங்கிப் போயிருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் பிரித்துச் சொல்லுங்கள்.

தெம்பனீஸ்_வாசு
ரவி, முதலில் ஒன்றைக் கேட்கணும். 40 விழுக்காடு எதிலிருந்து, எந்தத் தேதிக்குள்? காணொளி முழுக்கத் தேடினாலும் இந்த இரண்டும் இல்லை. தேதி இல்லாத கணிப்பு தோற்கவே தோற்காது.

இந்தத் துறைப் பங்குகள் அவ்வப்போது 40 விழுக்காடு விழுவது புதுசும் இல்லை. ஃபிலடெல்ஃபியா செமிகண்டக்டர் குறியீடு (அமெரிக்கச் சந்தையின் சிப் பங்குக் குறியீடு) 2021 டிசம்பர் உச்சத்திலிருந்து 2022 அக்டோபர் அடிமட்டம் வரை சுமார் 46 விழுக்காடு இறங்கியது. 2024 ஜூலை உச்சத்திலிருந்து 2025 ஏப்ரல் வரை எடுத்தாலும் இறக்கம் 40-ஐ ஒட்டித்தான். நான்கு ஆண்டுக்குள் இரண்டு முறை. அதனால் "சரியும்" என்று யார் சொன்னாலும் ஒரு நாள் பலித்தே தீரும். நடுவில் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு. 60 ஏறிவிட்டு 40 இறங்கினால், இன்று விற்றவருக்குக் கிடைத்தது சொற்பம்: 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 160 ஆகி 96-இல் வந்து நிற்கும்.

அவரை நியாயமாகச் சோதிக்கணும் என்றால் மூன்றை எழுதி வையுங்கள்: காணொளி வந்த நாளின் முடிவு விலை, 12 மாதம் என்ற கெடு, குறியீட்டோடு ஒப்பீடு. மொத்தச் சந்தையும் 30 இறங்கி, இவை 35 இறங்கினால் அவர் சொன்ன காரணம் பலித்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எட்ச்_சேம்பர்
வாசு சொன்னதோடு இன்னொன்று. இயந்திரப் பங்கு என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதே கோளாறு. வேஃபர் (சிப் உருவாகும் சிலிக்கன் வட்டு) மேல் அடுக்கு படியவைப்பது, செதுக்குவது, ஒளியால் வரைவது, அளந்து சோதிப்பது எல்லாம் முன்முனை வேலை. அறுத்த சிப்பைப் பொருத்தி, கம்பி இழுத்து, சோதித்துப் பெட்டியில் போடுவது பின்முனை. இந்த இரண்டும் ஒரே மாதத்தில் ஏறி இறங்குவதில்லை.

கண்கூடான ஆதாரம் 2023. சிப் தொழில் சங்கமான செமி அமைப்பின் கணக்கில் உலக இயந்திர விற்பனை 2022-இல் 107.6 பில்லியன் அமெரிக்க டாலர், 2023-இல் 106.3. கிட்டத்தட்ட அசையவே இல்லை. அதே காலத்தில், சிங்கப்பூரில் தலைமையகம் வைத்துக் கம்பி இணைப்பு இயந்திரம் விற்கும் குலிக்கே அண்ட் சோஃபாவின் வருவாய் 2022 நிதியாண்டில் சுமார் 1.5 பில்லியன், 2023 நிதியாண்டில் சுமார் 742 மில்லியன். பாதிக்கும் கீழே! மொத்த எண்ணை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்தே இருக்காது.

முன்முனைக்குள்ளும் வித்தியாசம் உண்டு. 3டி நேண்ட் மெமரியில் (தரவைச் சேமிக்கும், அடுக்கடுக்காகக் கட்டும் சிப்) அடுக்கு கூடக் கூடச் செதுக்கும் வேலையும் படியவைக்கும் வேலையும் கூடும். அதனால் நேண்ட் செலவு வெட்டப்பட்டால் முதல் அடி லாமுக்கு. ஏஎஸ்எம்எல்லின் ஈயூவி இயந்திரம் (மிக நுண்ணிய கோடுகளை ஒளியால் வரைவது) கணக்கிடும் லாஜிக் சிப்புக்கும் டிரேம் என்ற தற்காலிக மெமரிக்கும் போகிறது, நேண்டில் அதற்கு வேலை இல்லை. கேஎல்ஏ விற்பது அளவீடும் குறை கண்டுபிடிப்பும். ஆலை புதிய தொழில்நுட்பத்தைப் பழக்கும் கட்டத்தில் அதற்கு வேலை அதிகம். ஆகவே "மெமரி அதிகம் கட்டுகிறார்கள்" என்ற வாதம் லாம் வைத்திருப்பவர் கவனிக்கவேண்டியது. கேஎல்ஏவை அதே காரணத்துக்காக விற்கச் சொன்னால் எனக்குப் புரியவில்லை.

கரடி_கண்ணன்
எல்லாரும் விமர்சகரைப் போட்டுத் தாக்குகிறீர்கள். சீனா பற்றி அவர் சொன்னதில் சாரம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளணும்.

2024-இல் உலக இயந்திர விற்பனை 117.1 பில்லியன் டாலர். அதில் சீனா மட்டும் 49.6. அதாவது 42 விழுக்காடு. ஏஎஸ்எம்எல்லின் இயந்திர விற்பனையில் சீனாவின் பங்கு 2023 முழு ஆண்டுக்கு 29 விழுக்காடு. 2024 முதல் இரண்டு காலாண்டிலும் 49, மூன்றாவதில் 47. இது இயல்பான தேவை இல்லை. அமெரிக்கா 2022 அக்டோபர் 7, 2023 அக்டோபர் 17, 2024 டிசம்பர் 2 என்று தவணை தவணையாகச் சீனாவுக்கான ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை இறுக்கியது. ஜப்பான் 2023 ஜூலையிலும் நெதர்லாந்து அதே ஆண்டு செப்டம்பரிலும் உரிமம் கேட்க ஆரம்பித்தன. கதவு அடைபடும் என்று தெரிந்தவர் முன்கூட்டியே வாங்கிக் குவித்தார். குவித்தது தீரும் வரை புதுசு வாங்கமாட்டார்.

கணக்குப் போடுங்கள்: சீனா கால் பங்கு குறைத்தால் 12.4 பில்லியன். 2024 மொத்தத்தில் அது 10.6 விழுக்காடு. சின்னத் தொகையா?

எட்ச்_சேம்பர்
சின்னத் தொகை இல்லை, கண்ணன். ஆனால் அந்த ஓட்டையை யார் அடைக்கிறார் என்றும் பார்க்கணும் அல்லவா? தைவான் சிப் தயாரிப்பாளர் டிஎஸ்எம்சியின் மூலதனச் செலவு 2024-இல் சுமார் 29.8 பில்லியன் டாலர், 2025-இல் சுமார் 41 பில்லியன். ஒரே வாடிக்கையாளரிடம் 11 பில்லியன் கூடுதல். இதில் கட்டடம், சுத்த அறை, மின்வசதி எல்லாம் அடக்கம், எனவே முழுசும் இயந்திரத்துக்குப் போகாது. போகிற பங்கும் சீனா வாங்கிய அதே வகை இல்லை. சீனா வாங்கியதில் பெரும்பகுதி 28 நானோமீட்டருக்கும் பழைய வகைக்குமான இயந்திரம். டிஎஸ்எம்சி வாங்குவது அதிநவீனத் தொழில்நுட்பத்துக்கு. ஒரே நிறுவனத்துக்குள் ஒரு பிரிவு இறங்கும், இன்னொன்று ஏறும். மொத்தம் சமமாகத் தெரிந்தாலும் லாப விகிதம் மாறும்.

செல்வி_உட்லண்ட்ஸ்
ஆர்டர் எண்ணிக்கை பற்றி யாரும் தொடவில்லையே. அந்தக் காணொளியின் நடுப்பகுதி முழுக்க அதுதான்.

2024 அக்டோபர் 15 ஞாபகம் இருக்கும். ஏஎஸ்எம்எல் அறிக்கை தொழில்நுட்பக் கோளாறால் ஒரு நாள் முன்பே இணையத்தில் ஏறிவிட்டது. மூன்றாம் காலாண்டு ஆர்டர் 2.6 பில்லியன் யூரோ. சந்தை எதிர்பார்த்தது அதைப் போல இரு மடங்கு. 2025-க்கான விற்பனைக் கணிப்பையும் 30 முதல் 40 என்பதிலிருந்து 30 முதல் 35 பில்லியனாகச் சுருக்கினார்கள். பங்கு ஒரே நாளில் 16 விழுக்காடு அளவு விழுந்தது. அடுத்த காலாண்டு ஆர்டர் எவ்வளவு? 7.1 பில்லியன்.

காரணம் எளிது. ஒரு ஈயூவி இயந்திரமே 200 மில்லியன் டாலர் அளவு, புதிய ஹை என்ஏ வகை 350-க்கும் மேல். பத்து இயந்திரத்துக்கான கையெழுத்து செப்டம்பர் 30-க்குப் பதில் அக்டோபர் 5-க்குத் தள்ளிப்போனால் ஒரு காலாண்டில் 2 பில்லியன் காணாமல் போகும், அடுத்ததில் கூடிவிடும். ஆகவே ஒற்றைக் காலாண்டை வைத்துப் பேசக்கூடாது. நான்கு காலாண்டைக் கூட்டி, அதே நான்கு காலாண்டின் விற்பனையால் வகுங்கள். ஒன்றுக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால்தான் கவலை. இதிலும் ஒரு சிக்கல்: 2026-இலிருந்து காலாண்டுதோறும் ஆர்டர் எண்ணை வெளியிடமாட்டோம், ஆண்டுக்கு ஒருமுறை நிலுவை ஆர்டரைச் சொல்வோம் என்று அவர்களே அறிவித்துவிட்டார்கள். லாமும் அப்ளைடும் காலாண்டு ஆர்டர் எண்ணைத் தலைப்பில் போடுவதில்லை. செமி அமைப்பு முன்பு மாதம்தோறும் வெளியிட்ட ஆர்டர்–விற்பனை விகிதமும் 2016-உடன் நின்றுவிட்டது.

புக்கிட்_பாத்தோக்_ரவி
அப்படியானால் எதைப் பார்ப்பது, செல்விக்கா?

செல்வி_உட்லண்ட்ஸ்
இருப்புநிலைக் குறிப்பில் "ஒத்திவைக்கப்பட்ட வருவாய்", "வாடிக்கையாளர் முன்பணம்" என்று வரும் வரிகளைப் பாருங்கள் தம்பி. முன்பணம் கரைந்துகொண்டே விற்பனை ஏறினால், பழைய ஆர்டரைத் தின்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் ஒத்திவைத்த வருவாய் ஏறுவதெல்லாம் நல்ல செய்தி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022-இல் ஏஎஸ்எம்எல் ஆலைச் சோதனையின் ஒரு பகுதியைத் தவிர்த்து இயந்திரத்தை விரைவாக அனுப்பியது. வாடிக்கையாளர் தன் ஆலையில் ஓட்டிப்பார்த்து ஏற்ற பிறகே வருவாயாகப் பதிவு. அப்போது ஒத்திவைப்பு வீங்கியதற்குப் புதிய தேவை மட்டும் காரணம் இல்லை.

வெளியிலிருந்து பார்க்க: டிஎஸ்எம்சியின் மாத வருவாய் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி வாக்கில் வரும். கொரியாவின் முதல் 20 நாள் ஏற்றுமதி 21-ஆம் தேதி வாக்கில். நம்மூர் எண்ணெய் சாரா ஏற்றுமதி 17-ஐ ஒட்டி, பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் உற்பத்திக் கணக்கு 26-ஐ ஒட்டி. இவை சிப் தேவையைத்தான் நேரடியாகக் காட்டும், இயந்திரத் தேவை அதற்குப் பின்னால் வரும். மூலதனச் செலவு அறிவிப்புதான் நெருங்கிய அறிகுறி: டிஎஸ்எம்சி, சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், இன்டெல் ஐவரும் காலாண்டு அறிக்கையில் சொல்வார்கள். அந்த ஒரு வரிக்காக மட்டும் அறிக்கையைத் திறந்தாலும் போதும்.

தெம்பனீஸ்_வாசு
செல்வி சொன்ன எல்லா எண்ணும் சரியாக வந்தாலும் பங்கு விலை அதற்குக் காத்திருக்காது. இதுதான் இந்தத் துறையில் ஆட்களைச் சாப்பிடுகிறது.

அப்ளைட்: 2022 ஜனவரியில் 167 டாலர் அளவு, அக்டோபரில் 71 அளவு. வருவாய் 2021 நிதியாண்டில் 23.1 பில்லியன், 2022-இல் 25.8, 2023-இல் 26.5. விலை பாதிக்கும் கீழே போனபோது விற்பனை ஒரு ஆண்டுகூட இறங்கவில்லை.

லாம்: 2022 டிசம்பர் காலாண்டு வருவாய் 5.28 பில்லியன், மார்ச்சில் 3.87, ஜூனில் 3.21. விற்பனையில் நிஜமாகவே பெரிய வீழ்ச்சி. ஆனால் பங்கின் அடிமட்டம் 2022 அக்டோபரில், 300 டாலர் அளவில் வந்து போய்விட்டது. 2023 ஜூனில், வருவாய் அடியில் கிடந்தபோது, விலை 600-ஐத் தாண்டியிருந்தது. (2024 அக்டோபரில் ஒன்றுக்குப் பத்தாகப் பிரிப்பதற்கு முந்தைய விலை இது, இன்றைய வரைபடத்தில் பத்தால் வகுத்துத் தெரியும்.) வருவாய் இறங்கியதைக் கண்டு விற்றவர் அடிமட்டத்தைத் தாண்டி எட்டு மாதம் கழித்து விற்றார்.

விமர்சகர் "அடுத்த ஆண்டு ஆர்டர் இறங்கும், அதனால் பங்கு இறங்கும்" என்கிறார். முதல் பாதி சரியாக இருந்து இரண்டாம் பாதி தவறாகலாம். 2019-இல் அப்படித்தான்: உலக இயந்திர விற்பனை 64.5-இலிருந்து 59.8 பில்லியனுக்கு இறங்கியது, செமிகண்டக்டர் குறியீடு அந்த ஆண்டு 60 விழுக்காடு ஏறியது.

கரடி_கண்ணன்
அதே தர்க்கம் எனக்கும் உதவும் வாசு. வருவாய் ஏறுகிறது என்று சொல்லிப் பிடித்துவைத்திருப்பவரும் 2022-இல் பாதியை இழந்தார். விலை–லாப விகிதம் குறைவாகத் தெரிந்தபோது உள்ளே போனவர்களும் இருக்கிறார்கள். சுழற்சித் துறையில் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் அந்த விகிதம் மலிவாகத் தெரியும்.

தெம்பனீஸ்_வாசு
அதை மறுக்கவில்லை. அதனால்தான் ஓர் ஆண்டு லாபத்தை வைத்து விகிதம் போடாமல், ஏற்றமும் இறக்கமும் சேர்ந்த ஐந்து, ஆறு ஆண்டின் சராசரி லாப விகிதத்தை (வருவாயில் லாபம் எத்தனை விழுக்காடு) இன்றைய வருவாயோடு பெருக்கி, வரும் லாபத்தோடு விலையை ஒப்பிட்டுப் பார்க்கணும். அந்தக் கணக்கிலும் விலை அதிகம் என்று வந்தால், விமர்சகரின் நான்காவது காரணம் நிற்கிறது. நான்கில் எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான்.

ஜூரோங்_கணக்கர்
சிங்கப்பூர்ப் பங்குகளுக்கு வருகிறேன். காணொளியில் இவை பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆனால் பயம் மட்டும் இங்கே வந்துவிட்டது.

யூஎம்எஸ்ஸுக்குப் பிரதான வாடிக்கையாளர் அப்ளைட். அதன் எண்டூரா இயந்திரத்துக்கான பாகங்களும் ஒருங்கிணைப்பும்தான் நெடுநாள் சோறு. ஏஇஎம்முக்கு இன்டெல். இருவருக்கும் உலகச் சுழற்சியைவிட அந்த ஒரு வாடிக்கையாளரின் கையிருப்புதான் முக்கியம். மேலே காட்டிய அப்ளைட் வருவாய் 2023-இலும் ஏறியது. யூஎம்எஸ்ஸின் வருவாயோ 2022-இல் 372 மில்லியன் வெள்ளி, 2023-இல் 300, 2024-இல் 242. வாடிக்கையாளர் கிடங்கில் குவிந்ததைத் தீர்க்கும்போது பாகம் தருபவருக்கு ஆர்டர் வராது.

ஏஇஎம் இன்னும் கூர்மையான பாடம். 2022-இல் வருவாய் 870 மில்லியன் வெள்ளி, அதுவரை காணாத உச்சம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 5 வெள்ளியை ஒட்டி இருந்த பங்கு, ஆண்டு முடிவில் மூன்றரை வெள்ளி அளவுக்கு வந்துவிட்டது. 2023 வருவாய் 481 மில்லியன். ஆண்டறிக்கையைப் படித்து உச்ச வருவாயைக் கண்டு வாங்கியவர் நிலை என்ன என்று சொல்லத் தேவையில்லை.

ஆண்டறிக்கையில் எங்கே பார்ப்பது: நிதி அறிக்கைக் குறிப்புகளில் "செயல்பாட்டுப் பிரிவுகள்" என்ற குறிப்பு. வருவாயில் 10 விழுக்காட்டுக்கு மேல் தரும் வாடிக்கையாளரின் தொகையை அங்கே காட்டியே ஆகணும். பெயர் சொல்லாமல் "வாடிக்கையாளர் அ" என்று போட்டிருக்கலாம். அந்தத் தொகையை மூன்று ஆண்டுக்கு எழுதிப் பாருங்கள். பக்கத்திலேயே சரக்கிருப்பையும் பாருங்கள். வருவாய் குறைந்தும் இருப்பு குறையவில்லை என்றால் அடுத்த ஆண்டு மதிப்பிறக்கம் வரக்கூடும். 2020 பிப்ரவரி முதல் பெரும்பாலான நிறுவனங்களுக்குக் காலாண்டு அறிக்கை கட்டாயம் இல்லை. அரையாண்டு வரை இருட்டில் இருக்க நேரலாம், அமெரிக்கப் பங்கில் அந்தத் தொல்லை இல்லை.

புதுப்பையன்_பொங்கோல்
அண்ணே, ஒரு கேள்வி. சரியும் என்று நம்பினால் சோக்ஸ்எஸ் மாதிரி மூன்று மடங்கு எதிர்த்திசை இடிஎஃப் (குறியீடு இறங்கினால் ஏறும், சந்தையில் விற்கும் நிதி) வாங்கி ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாமா? விற்பதைவிட லாபம் அதிகம் போல இருக்கிறதே.

எட்ச்_சேம்பர்
வேண்டாம் தம்பி. அது நாளுக்கு நாள் மூன்று மடங்கு, ஆறு மாதத்துக்கு மூன்று மடங்கு இல்லை. குறியீடு 100-இலிருந்து முதல் நாள் 10 விழுக்காடு ஏறி 110, மறுநாள் 9.09 இறங்கி மறுபடி 100. உன் இடிஎஃப்? முதல் நாள் 30 இறங்கி 70. மறுநாள் 27.27 ஏறி 89.1. குறியீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, உன் பணத்தில் 11 விழுக்காடு போச்சு. ஏற்றத்துக்கான மூன்று மடங்கு இடிஎஃப்பும் தப்பாது, அதே இரண்டு நாளில் 94.5. ஒரே மூச்சில் விழுந்தால் லாபம், ஆடி ஆடி விழுந்தால் திசை சரியாக இருந்தும் நட்டம். செமிகண்டக்டர் எப்போது ஆடாமல் விழுந்தது? இந்த வகையை வாங்க இங்குள்ள தரகர் உன் அறிவையும் அனுபவத்தையும் கேட்டு ஒரு மதிப்பீடு நடத்துவார். அந்தப் படிவம் சும்மா வைத்ததில்லை.

செல்வி_உட்லண்ட்ஸ்
புட் ஆப்ஷன் (பங்கைக் குறித்த விலைக்கு விற்கும் உரிமை) பற்றியும் அடுத்து யாராவது கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு ஒப்பந்தம் 100 பங்கு. பங்கு 700 டாலர் என்றால் 70,000 டாலர் மதிப்புக்குக் காப்பு. பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கு அது காப்பு இல்லை, பந்தயம். அறிக்கைக்கு முந்தைய வாரத்தில் பிரீமியம் (அந்த உரிமையின் விலை) உப்பியிருக்கும். அறிக்கை வந்த மறுநாள் பங்கு இறங்கினாலும் அந்த உப்பல் வடிந்து புட் மதிப்பு எதிர்பார்த்த அளவு ஏறாது.

ஜூரோங்_கணக்கர்
நட்டநிறுத்த ஆர்டரையும் (விலை ஒரு மட்டத்துக்கு இறங்கினால் தானே விற்பது) பெரிதாக நம்பவேண்டாம். ஏஎஸ்எம்எல் அறிக்கை ஐரோப்பிய நேரம் காலை 7 மணி, நமக்குக் கோடையில் பிற்பகல் 1, குளிர்காலத்தில் 2. நாஸ்டாக் நம் நேரத்தில் கோடையில் இரவு 9.30-க்கும் குளிர்காலத்தில் 10.30-க்கும் திறக்கும்போது விலை ஏற்கெனவே பள்ளத்தில் இருக்கும். 900-இல் நிறுத்தம் வைத்திருந்தாலும் 800-இல் திறந்தால் 800-ஐ ஒட்டித்தான் விற்கும். வரம்பு விலையோடு வைத்தால் விற்காமலே போகலாம். லாமும் அப்ளைடும் சந்தை மூடியபின் வெளியிடும், நமக்கு அது விடியற்காலை.

இதற்கு மருந்து முன்கூட்டியே அளவைக் குறைப்பதுதான். உதாரணம்: மொத்த முதலீடு 100,000 வெள்ளி, அதில் இந்தப் பங்குகள் 30,000. விமர்சகர் சொன்ன 40 நடந்தால் நட்டம் 12,000. உங்களால் 6,000 வரைதான் தாங்க முடியும் என்றால் 15,000-க்கு மேல் வைக்காதீர்கள். அவர் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லாமலே இந்த முடிவை எடுக்கலாம். எண்ணும்போது எஸ்அண்ட்பி 500 நிதிக்குள் இருக்கும் சிப் நிறுவனங்களையும் சேர்த்து எண்ணுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பங்கு டாலரில், செலவு வெள்ளியில் என்பதால் டாலரும் சேர்ந்து இறங்கினால் நட்டம் கூடும்.

குறைப்பதென்றால் வரியும் பார்த்துக் குறையுங்கள். சாதாரண முதலீட்டாளருக்கு இங்கே மூலதன ஆதாய வரி இல்லை, அதனால் விற்றுத் திரும்ப வாங்குவதில் வரிச் சேதம் இல்லை. அமெரிக்க ஈவுத்தொகையில் 30 விழுக்காடு பிடிப்பு உண்டு. சிங்கப்பூருக்கு அமெரிக்காவோடு வரி ஒப்பந்தம் இல்லாததால் படிவம் கொடுத்தாலும் அது குறையாது. அதைவிடப் பெரிய விஷயம் மரபுரிமை வரி: அமெரிக்கர் அல்லாதவர் கையில் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்க நிறுவனப் பங்கு இருந்து அவர் காலமானால், மேல் தொகைக்கு 40 விழுக்காடு வரை போகும். லாம், அப்ளைட், கேஎல்ஏ எல்லாம் இதில் வரும். ஏஎஸ்எம்எல் நாஸ்டாக்கில் வாங்கினாலும் நெதர்லாந்து நிறுவனம் என்பதால் வராது. அதன் ஈவுத்தொகைக்கு 15 விழுக்காடு டச்சுப் பிடிப்பு. அயர்லாந்தில் பதிவான செமிகண்டக்டர் இடிஎஃப் லண்டனில் கிடைக்கும். உள்ளே ஈவுத்தொகைப் பிடிப்பு 15, மரபுரிமை வரித் தொல்லையும் இல்லை. ஆனால் அதற்குள் என்விடியா, பிராட்காம், டிஎஸ்எம்சி எல்லாம் இருக்கும். இயந்திரத்துக்கு மட்டும் பந்தயம் கட்ட அது சரியான கருவி இல்லை. எஸ்ஆர்எஸ் என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டப் பணத்தில் அமெரிக்கப் பங்கை நேரடியாக வாங்க முடியாது, சிங்கப்பூர்ச் சந்தையில் உள்ளவை வாங்கலாம்.

நெறியாளர்
ஒரு குறிப்பு. அந்தக் காணொளியின் கீழே டெலிகிராம் குழுச் சுட்டி போட்டுக் கட்டணம் கேட்கிறார்கள் என்று இருவர் தெரிவித்திருக்கிறார்கள். காணொளியை எடுத்துப் போட்டவர் வேறு ஆளாகவும் இருக்கலாம். பணம் கட்டுமுன் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலிலும் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலிலும் பெயரைத் தேடுங்கள். சுட்டியை இங்கே ஒட்டினால் நீக்கப்படும்.

புக்கிட்_பாத்தோக்_ரவி
நன்றி எல்லோருக்கும். நான் எடுத்துக்கொண்டது: சீனா வாதத்தை ஏஎஸ்எம்எல்லின் வட்டாரவாரி விற்பனையில் பார்ப்பேன். மெமரி வாதம் லாமுக்கு மட்டும். விலை அதிகம் என்ற வாதத்துக்கு வாசு சொன்ன சராசரிக் கணக்கு. யூஎம்எஸ்ஸுக்கு 10 விழுக்காடு வாடிக்கையாளர் குறிப்பு. கணக்கரே, ஒரு சந்தேகம்: 30 விழுக்காடு எப்படியும் பிடிப்பார்கள் என்றால் டபிள்யூ-8பென் படிவத்தைப் புதுப்பிக்காவிட்டால் என்ன?

ஜூரோங்_கணக்கர்
புதுப்பித்துவிடுங்கள். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்பதற்கு அதுதான் சான்று. காலாவதியானால் தரகர் கணக்கில் கட்டுப்பாடு போடலாம், விற்ற தொகையிலும் பிடிப்பு வரலாம். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரை செல்லும். 2023-இல் போட்டிருந்தால் 2026 முடிவு வரை. தரகர் செயலியில் வரிப் படிவம் என்ற பகுதியில் தேதி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.